கடைசிக் குழாய்

(வடகிழக்குப் பருவமழைக்கு முன், வெள்ள நிவாரண வேலைக்குத் தயாராகும் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய முகாமில் பேசியது. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை எழுதுகிறவனைக் கூப்பிட்டுப் பேதியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இதில் முரண் ஒன்றும் இல்லை. சேரியைப் பற்றி எழுதுகிற எவனும் தண்ணீரைத் தொடாமல் எழுத முடியாது. பகலில் நான் வங்கிக் குமாஸ்தா. அதனால் கணக்கும் கொஞ்சம் வரும். இன்றைக்குக் கவிதையைவிடக் கணக்குதான் நமக்கு அதிகம் வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புயல் அடித்தால் எல்லோரும் வருகிறார்கள். கேமரா வருகிறது, அமைச்சர் வருகிறார், சோத்துப் பொட்டலம் வருகிறது. நாமும் ரொட்டியும் போர்வையும் எடுத்துக்கொண்டு போகிறோம். நாலாம் நாள் தண்ணீர் வடிகிறது. கேமரா கிளம்பிவிடுகிறது. நாமும் பஸ் ஏறிவிடுகிறோம். அதற்குப் பிறகுதான் ஒரு வீட்டில் குழந்தைக்கு வயிற்றால் போகத் தொடங்குகிறது. காலரா என்றால் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் காட்டிவிடும். டைபாய்டு ஒன்றிலிருந்து மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். எலிக்காய்ச்சல் இரண்டு நாளிலும் வரலாம், ஒரு மாதம் கழித்தும் வரலாம். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன சாவு பேரிடர்க் கணக்கில் ஏறும். மூணு வாரம் கழிச்சு டைபாய்டுல போன சாவை எவன் வெள்ளச் சாவுன்னு எழுதுவான்? நான் பேச வந்தது இந்த இரண்டாவது வெள்ளத்தைப் பற்றி. இது ஆத்துல வராது. குடத்துல வரும்.

*

‘நோய்க்கிருமிக்குச் சாதி கிடையாது’ என்று மேடைதோறும் சொல்கிறார்கள். கேக்க நல்லாத்தான் இருக்கு. கிருமிக்குச் சாதி கிடையாதுங்க. குழாய்க்கு இருக்கு. பள்ளத்துக்கு இருக்கு. ஊர் மேட்டுல, சேரி பள்ளத்துல. இதைப் பூகோளம்னு நினைக்காதீங்க, வரலாறு. குடிதண்ணிக் குழாய் ஊரையெல்லாம் சுத்திட்டுக் கடைசியா காலனிக்கு வருது. சாக்கடை ஊர்லருந்து புறப்பட்டு நேரா காலனிக்கு வருது.

தூய்மையைப் பற்றி இந்தச் சமூகத்துக்கு இருக்கிற கவலை மாதிரி உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஆனால் அது எந்தத் தூய்மை? 1927 மார்ச் 20. மகாராஷ்டிரத்தில் மகாத் என்னும் ஊர். அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானவர்கள் சவுதார் குளத்துக்கு ஊர்வலமாகப் போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று சொல்லி ஆதிக்கச் சாதியார் பின்னால் சடங்கு செய்து ‘சுத்தம்’ பண்ணினார்கள். எதை வைத்து? 108 பானைகளில் தயிர், பால், சாணி, மாட்டு மூத்திரம் கலந்து குளத்தில் ஊற்றினார்கள். நுண்ணுயிரியல் படிக்கிற பிள்ளைகள் இங்கே இருப்பீங்க. நீங்களே சொல்லுங்க: மனுசன் கை பட்ட தண்ணி அழுக்கா, சாணி கரைச்ச தண்ணி அழுக்கா?

தீட்டு வேறு, தொற்று வேறு. தீட்டு, மனிதன் தொட்டால் ஒட்டும் என்கிற கற்பிதம். தொற்று, மலம் தண்ணீர் வழியாக வாய்க்குப் போனால் வருகிற நோய். முன்னதற்குக் காவல் போட்ட சமூகம் பின்னதைத் திறந்துவிட்டது. தனிக் கிணறு, தனிக் குவளை, தனிச் சுடுகாடு என்று பிரிக்கத் தெரிந்தவர்களுக்குக் குடிநீரையும் கழிவுநீரையும் பிரிக்க மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலை மறந்திருக்க மாட்டீர்கள். 2022 டிசம்பரில் அங்கே குழந்தைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது மனித மலம் மிதந்தது. 10,000 லிட்டர் தொட்டி. 2025 ஜனவரியில் சிபிசிஐடி போலீஸ் அந்தத் தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. நோயில் விழுந்தவர்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது என்றுதான் நம் பக்கத்து இயக்கங்கள் சொன்னன. அந்த வழக்கைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். இன்றைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: தொட்டியில் ஏறிப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. வெள்ளக் காலத்தில் எவனும் கொண்டுவந்து கலக்க வேண்டியதில்லை. தானாகவே கலக்கும். ஏறிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

*

எப்படிக் கலக்கிறது? மழையில் செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறது. வெளிக்குப் போகிற கருவைக்காடும் ஏரிக்கரையும் மூழ்கி, எல்லாம் மிதந்து வருகிறது. அடிபம்பு முழுகுகிறது. பம்பைச் சுற்றிப் போட்ட சிமெண்டு மேடை வெடித்திருந்தால் மேலே நிற்கிற தண்ணீர் குழாயை ஒட்டியே கீழே இறங்குகிறது. எல்லாவற்றையும்விட மோசம், விட்டு விட்டு வருகிற குழாய்த் தண்ணீர். தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், ஓட்டை வழியாக வெளியே பீச்சும். தண்ணீரை நிறுத்தியதும் அழுத்தம் போய்விடும். அப்போது அதே ஓட்டை வழியாக, குழாய் எதில் மூழ்கிக் கிடக்கிறதோ அதை உள்ளே இழுக்கும். காலனியில் குழாய் சாக்கடைக்குள்ளேதானே போகிறது? மறுநாள் காலையில் திறந்ததும் முதலில் வருவது அதுதான்.

இதைச் சொன்னால் அதிகாரி என்ன சொல்கிறார்? ‘அந்த சனங்களுக்குச் சுத்தம் பத்தாதுப்பா.’ இந்தப் பேச்சும் பழசுதான். 1854இல் லண்டன் நகரத்துச் சோஹோ பகுதியில் காலரா வந்தபோது, ஏழைகளின் அழுக்கிலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காரணம் என்று படித்தவர்கள் நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வேறு கேள்வி கேட்டார்: செத்தவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள்? வீடு வீடாக விசாரித்தார். சாவுகளைத் தெருவாரியாகக் குறித்தார். பெரும்பாலானவை பிராட் தெருவிலிருந்த ஒரு அடிபம்பைச் சுற்றியே இருந்தன. பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். முப்பது வருஷம் கழித்து, 1884இல் ராபர்ட் கோஹ் அந்தக் கிருமியைக் கல்கத்தாவில், சனங்கள் புழங்கிய ஒரு குளத்துத் தண்ணீரில் கண்டார்.

ஸ்னோ கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள். காலனிக்குப் போனதும் ஒரு கோடு போட்ட நோட்டு எடுங்கள். வீடு, எத்தனை பேர், யாருக்கு என்றைக்கு வயிற்றால் போனது, எந்தக் குழாயில் குடிக்கிறார்கள். இந்த நாலு பத்தி போதும். சாயந்தரம் அதைப் படமாகப் போட்டுப் பாருங்கள். ‘சுத்தமில்லாத சனங்க’ என்கிற கதை கிழியும், உடைந்த குழாய் எதுவென்று தெரியும்.

*

சுகாதாரத் துறை ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வரும். ‘தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.’ சொல்வது உண்மை. தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிஷம் நின்றாலே இந்தக் கிருமிகள் செத்துப்போகும். ஆனா எதை வச்சுக் காய்ச்சறது? மண் அடுப்பு கரைஞ்சிருச்சு. விறகு ஊறிக் கிடக்கு. அஞ்சு பேர் இருக்கிற வீட்டுக்குக் குடிக்க மட்டும் நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் வேணும். கேஸ் இருக்கிற வீட்டிலும், கூலி நின்றுபோன வாரத்தில், சோறாக்கவா தண்ணி காய்ச்சவா என்ற கேள்வி வரும். அதைத் தீர்மானிக்கிறவள் பெண். பிள்ளைக்குப் பேதி வந்தால் ‘ஏம்மா காய்ச்சலை?’ என்று ஏச்சு வாங்குகிறவளும் அவள்தான். விறகு கொடுக்காத அறிவுரை, பழியைத் தள்ளிவிடுகிற வேலை. முடிந்தவர்கள் காய்ச்சட்டும். குழந்தை குடிக்கிற தண்ணீரையாவது முதலில் காய்ச்சட்டும். மற்றபடி ஊருக்கே கிருமியைக் கொல்கிற செலவு ஊராட்சியுடையது. அதற்குக் குளோரின் இருக்கிறது. அது மலிவு. எவ்வளவு மலிவு என்பதுதான் நான் சொல்ல வந்த கணக்கு.

அதற்கு முன்னால் தெளிவைப் பற்றி ஒரு வார்த்தை. கலங்கல் தண்ணீரில் குளோரின் போட்டால் அழுக்கே அதைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. ஆகவே முதலில் தெளிய வைக்க வேண்டும். படிகாரம் சுற்றலாம். நம்ம ஆயாக்கள் குடத்துக்குள்ள தேய்க்கிற தேத்தாங்கொட்டையும் நல்லதுதான். ஆனால் தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நம்பிவிடாதீர்கள். மண்டி அடியில் தங்கும், கிருமி பூராவும் தங்காது. சேலையில் வடிகட்டுவதும் அப்படித்தான். வங்காளதேசத்துக் கிராமங்களில் பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டச் சொல்லி ஆய்வு செய்தார்கள். தண்ணீரிலுள்ள நுண்ணிய உயிரிகள் மேல் காலராக் கிருமி ஒட்டியிருக்கும், அவை துணியில் தங்கிவிடும். காலரா 48 சதம் குறைந்தது என்று 2003இல் வெளியிட்டார்கள். ஒன்றுமே இல்லாதபோது அது பெரிய விஷயம். ஆனா பாதி குறைஞ்சதுன்னா மீதிப் பாதி இருக்குன்னுதானே அர்த்தம்?

இனி கணக்கு. 33 சதம் குளோரின் உள்ள நல்ல பிளீச்சிங் பவுடர் என்றால் ஆயிரம் லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 2.5 கிராம். வேங்கைவயல் தொட்டி மாதிரி 10,000 லிட்டருக்கு 25 கிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 75 கிராம். ஒரு கிலோ பவுடர் நாலு லட்சம் லிட்டருக்கு வரும். கிணறு என்றால் குறுக்களவை மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, நாலால் வகுத்தால் எத்தனை ஆயிரம் லிட்டர் என்று வரும். இரண்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் தண்ணீர் உள்ள கிணற்றில் 9,420 லிட்டர். பவுடர் சுமார் 24 கிராம்.

இது சாதாரணக் காலத்துக் கணக்கு. வெள்ளம் புகுந்த கிணற்றை முதலில் இறைத்துச் சேறு எடுக்க வேண்டும். தொட்டியைக் கழுவ வேண்டும். அளவும் கூடும். எவ்வளவு கூடும் என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது, சோதித்துத்தான் சொல்ல வேண்டும். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிஷம் விட்டால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே நிற்கிற தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறந்துவிட வேண்டும். மூட்டை திறந்து கிடந்து ஈரம் பட்ட பவுடரில் வீரியம் இருக்காது. அதனால் வாங்கிய தேதியைக் கேளுங்கள்.

அமைச்சர் வருகிற அன்று தெருவின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இழுத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே பவுடர்தான். அந்தக் கோடு ஒருத்தர் குடத்துத் தண்ணியையும் சுத்தம் பண்ணாது. மூக்குக்கு வாசனை, போட்டோவுக்கு வெள்ளை. அந்தக் கோட்டில் கொட்டியதைத் தொட்டியில் அளந்து போட்டிருந்தால் காலனி பூராவும் குடித்திருக்கும்.

சோதனைக்குக் குளோராஸ்கோப் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. குழாய்த் தண்ணீரைப் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாகும். மஞ்சளின் அடர்த்தியை வைத்து எவ்வளவு குளோரின் மிச்சமிருக்கிறது என்று பார்க்கலாம். சாதாரண நாளில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். வெள்ளமோ நோயோ இருக்கும்போது 0.5 இருக்க வேண்டும். தொட்டி ஆபரேட்டரிடம் இந்தப் பெட்டி இருக்கும். அவர் தொட்டிக்கடியிலேயே சோதித்து ‘சரியா இருக்கு’ என்பார். அங்கே சரியாகத்தான் இருக்கும். ஓட்டைக் குழாயில் அழுக்கைச் சந்தித்துச் சந்தித்துக் குளோரின் வழியிலேயே தீர்ந்துபோகும். நீங்கள் கடைசிக் குழாயில் சோதிக்கச் சொல்லுங்கள். கடைசிக் குழாய் எங்கே இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குழாயில் மஞ்சள் வந்தால்தான் ஊருக்கே தண்ணீர் சரி. வரவில்லை என்றால் தேதி, நேரம் போட்டு எழுதி, ஊராட்சியிலும் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கோஷத்தை மறுக்கலாம். அளவை மறுக்க முடியாது.

*

அப்படியும் வந்துவிட்டால்? கழனித்தண்ணி மாதிரி நிற்காமல் போனால் காலராவாக இருக்கலாம். மனிதனைக் கொல்வது உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றுவது. 1971இல் வங்காளதேசப் போர் அகதிகள் பங்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது ஏற்றுவதற்கு சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மகாலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் நிரப்பி, உறவினர்களையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அதுதான் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பொட்டலம் இல்லையென்றால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக் கூடாது. ‘வயித்தால போறப்ப தண்ணி குடுக்காதே’ன்னு பெரியவங்க சொல்வாங்க. அவங்ககிட்ட மல்லுக்கு நிக்காதீங்க. ‘ஆயா, போற தண்ணிய ஈடுகட்டணும்ல?’ன்னு பக்கத்துல உக்காந்து கரண்டி கரண்டியா ஊட்டிக் காட்டுங்க. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தைக்குத் துத்தநாக மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். கண் குழி விழுந்தாலோ, ஒன்றுக்குப் போகாவிட்டாலோ, ரத்தம் கலந்து போனாலோ, பிள்ளை துவண்டுபோனாலோ காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, குடிக்காமலே வருகிற நோய். எலியும் பெருச்சாளியும் பெய்த மூத்திரம் வெள்ளத்தில் கலக்கிறது. அதிலுள்ள கிருமி கால் வெடிப்பு வழியாக, சேத்துப்புண் வழியாக, கண் வழியாக உடம்பில் ஏறுகிறது. எலிக்காய்ச்சல். 2005 ஜூலை 26 அன்று மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய பிறகு பரவியது. 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகும் பரவியது. காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை பிடித்து வலிக்கும், கண் சிவக்கும், முற்றினால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கேடும் வரும். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் பிழைக்கலாம். ஆனால் டாக்டரிடம் ‘வெள்ளத் தண்ணியில நின்னு வேலை பாத்தேன்’ என்று சொன்னால்தான் அவர் அந்தக் கோணத்தில் பார்ப்பார்.

யார் அந்தத் தண்ணீரில் நிற்கிறார்கள்? 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது குப்பை அள்ளப் பிற மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வெறுங்கையோடும் வெறுங்காலோடும் அள்ளிய படங்கள் பத்திரிகைகளில் வந்தன. நகரம் அவர்களுக்கு நன்றி சொன்னது. நன்றியைக் காலில் மாட்டிக்கொள்ள முடியுமா? முழங்கால் வரை பூட்ஸ், கையுறை, வேலை முடிந்ததும் சோப்பும் நல்ல தண்ணீரும், புண்ணுக்குக் கட்டு. இவ்வளவும் வேலை வாங்குகிறவன் கொடுக்க வேண்டும். வேறு வழியில்லாமல் அந்தத் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் தடுப்பாகக் கொடுப்பதும் உண்டு. அதை டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஆகாது. செப்டிக் டேங்கிலும் சாக்கடைக் குழியிலும் பாதுகாப்பில்லாமல் மனிதனை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. மழை பெய்தால் அந்தச் சட்டம் கரைந்துபோவதில்லை. நீங்களும் தன்னார்வம் என்ற பெயரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள்.

முகாம்களையும் கவனியுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்து முகாம்களில் தலித்துகளுக்குத் தங்குமிடத்திலும் தண்ணீரிலும் பாகுபாடு காட்டப்பட்டது. கடல் எல்லோரையும் ஒன்றாக அடித்தது, தண்ணி டேங்க் மட்டும் பிரித்துப் பார்த்தது. பேரிடர் நிவாரணத்துக்கென்று உலக அளவில் ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச அளவு இருக்கிறது: ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 250 பேருக்கு ஒரு குழாய், 20 பேருக்கு ஒரு கக்கூஸ். போய் எண்ணுங்கள். பெண்கள் ராத்திரி போகிற வழியில் விளக்கு இருக்கிறதா பாருங்கள்.

தோழர்களே, மகாதில் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தது தாகத்துக்காக மட்டும் அல்ல, உரிமைக்காக. அந்த உரிமைக்கு இன்னொரு பாதி உண்டு. குடித்த தண்ணீர் நம்மைக் கொல்லக் கூடாது என்பது அது.

வங்கியில் சாயந்தரம் கணக்கு டேலி ஆகாமல் எவனும் வீட்டுக்குப் போக முடியாது. இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம். இந்த மழைக்குப் போகிற ஒவ்வொரு குழுவும் ரொட்டியோடு ஒரு சின்னத் தராசும், குளோராஸ்கோப்பும், நோட்டும், ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிந்த அன்று திரும்பிவிடாதீர்கள். முடியாவிட்டால் மூன்று வாரத்துக்கு முறைபோட்டு ஆள் அனுப்புங்கள். திரும்பி வந்ததும் எத்தனை பொட்டலம் கொடுத்தோம் என்று எழுத வேண்டாம். கடைசிக் குழாயில் எத்தனை நாள் மஞ்சள் வந்தது, எத்தனை நாள் வரவில்லை, வராத நாளில் யாரிடம் மனுக் கொடுத்தோம் என்று எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டுகளை வைத்துக்கொண்டு பேசுவோம்.